உடம்பில் நீர் சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் இறுக்குகிறது. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமான தடம். மோதிரம் விரலைவிட்டு வர மறுக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டது, சாப்பாட்டிலோ எந்த மாற்றமும் இல்லை. உடம்பில் நீர் சேர்கிறதோ என்ற சந்தேகம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

அப்புறம் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. வீக்கம் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, பல கோளாறுகளின் அடையாளம். எந்தக் கோளாறு என்று ஓரளவாவது தெரிந்துகொண்ட பிறகே நீரை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் ஆபத்து உண்டா என்று பார்ப்பது, பிறகு வீக்கத்தைப் படிப்பது, அளப்பது, கடைசியில் குறைப்பது.

காத்திருக்கக் கூடாத வீக்கங்கள்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியோ சூடோ சிவப்போ இருந்தால் ஆழத்தில் உள்ள சிரையில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பல நாள் படுக்கையில் இருந்த பிறகும், நீண்ட பயணத்துக்குப் பிறகும், கர்ப்ப காலத்திலும், பிரசவம் ஆன சில வாரங்களிலும் இந்த ஆபத்து கூடுதல். அந்தக் காலைப் பிடித்துவிடவே கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம்.

வீக்கத்தோடு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமும்போது இரத்தம், மட்டமாகப் படுக்கவே முடியாத நிலை ஆகியவையும் அவசரம்தான். உதடு, நாக்கு, முகம் சட்டென்று வீங்குவது ஒவ்வாமையாக இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளாலும் இப்படி ஆவதுண்டு, அதுவும் பல மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த பிறகுகூட. கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டியவர்களுக்கு முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் அன்றே இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்க வேண்டும்.

நீர் எங்கே போய் நிற்கிறது?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்குள். மீதி 14 லிட்டரில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய 3 லிட்டர்தான். மிச்சம் முழுவதும் செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் இருக்கிறது. நாம் வீக்கம் என்று பார்ப்பது இந்தச் சந்துகளில் நீர் கூடிப்போவதைத்தான்.

மெல்லிய இரத்த நுண்குழாய்களிலிருந்து நீர் எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள புரதம், முக்கியமாக அல்புமின், நீரை உள்ளே பிடித்துவைக்கிறது. இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர். வெளியே தங்கிவிட்ட நீரை நிணநீர்க் குழாய்கள் வடிகாலாக இருந்து திரும்ப இரத்தத்துக்கே கொண்டுசேர்க்கின்றன.

ஆகவே வீக்கம் வர நான்கு வழிகள் உண்டு. அழுத்தம் கூடலாம்: இதயம் பலவீனமாகும்போதும், கால் சிரைகளின் வால்வுகள் கெட்டுப்போகும்போதும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்போதும் இது நடக்கிறது. அல்புமின் குறையலாம்: கல்லீரல் போதிய அளவு தயாரிக்காவிட்டாலும் குறையும், சிறுநீரகம் அதைச் சிறுநீரில் ஒழுகவிட்டாலும் குறையும். குழாய்ச் சுவரே ஓட்டையாகலாம், தொற்று, காயம், ஒவ்வாமை போன்றவற்றில் நடப்பது இதுதான். கடைசி வழி, வடிகால் அடைபடுவது. யானைக்கால் நோயிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களின் கையிலும் வரும் வீக்கம் இந்த வகை.

இதில் உப்பின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. செல்களுக்கு வெளியே நிற்கும் நீரின் உப்புத்தன்மையும் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது 9 கிராம் உப்பு உடம்பை விட்டுப் போகாமல் தங்கினால், அதற்குத் துணையாக ஒரு லிட்டர் நீரும் தங்கிவிடும். ஆரோக்கியமான சிறுநீரகம் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், கூடுதல் உப்பை முழுதாக வெளியேற்ற அதற்கு ஓரிரு நாளாவது வேண்டும். வீக்கம் உள்ளவர் முதலில் கவனிக்க வேண்டியது உப்புக் கணக்கை என்று சொல்வது இதனால்தான்.

முதல் படி: அழுத்திப் பாருங்கள்

கால் எலும்பின் முன்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே, கட்டைவிரலால் 10 விநாடி ஒரே சீராக அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி நிற்கிறதா? நின்றால் அது நீர். குழியின் ஆழத்தையும் அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணுக்காலில் மட்டுமா, முழங்கால் வரை போகிறதா, தொடையிலும் உண்டா என்று மேலே மேலே அழுத்திக்கொண்டே போய்ப் பாருங்கள். எப்போதும் படுக்கையில் இருப்பவருக்குக் கால் இளைத்தே தெரியலாம், நீர் முதுகின் அடிப்பகுதியில் நிற்கும். அங்கேதான் அழுத்திப் பார்க்க வேண்டும்.

குழி விழவே இல்லையென்றால் கதை வேறு. தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்தவர்களுக்கு வரும் வீக்கம் குழி விழாது. நாள்பட்ட நிணநீர் வீக்கமும் கெட்டிப்பட்டுப்போன பிறகு குழி விழாது. இரண்டாம் கால்விரலின் அடியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்ற சந்தேகம் வலுக்கிறது. பெண்கள் சிலருக்கு இரண்டு கால்களும் தொடையிலிருந்து கணுக்கால் வரை சமமாகப் பருத்து, பாதம் மட்டும் ஒல்லியாகவே இருக்கும், தொட்டால் வலிக்கும். லிப்பிடீமா என்னும் கொழுப்புப் படிவு அது. அவர்களை உடம்பைக் குறைக்கச் சொல்லியே வருடக்கணக்கில் அனுப்பிவைப்பது உண்டு. நீர் மாத்திரையாலும் அதற்குப் பயன் இல்லை.

இரண்டாம் படி: இடத்தையும் நேரத்தையும் படியுங்கள்

காலை எழுந்தவுடன் கண்ணிமையும் முகமும் உப்பியிருந்து, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மாலையில் இரண்டு காலும் கனத்து, இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது, கணுக்கால் பக்கம் தோல் பழுப்பாகியிருக்கிறது, சுருண்ட சிரைகள் தெரிகின்றன என்றால் சிரை வால்வுகளே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிறு முதலில் பெருத்து அப்புறம் கால் வீங்கினால் கல்லீரல். கால் வீக்கத்தோடு படியேறினால் மூச்சு வாங்குவது, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம், நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவது எல்லாம் சேர்ந்தால் இதயம். இவை வழிகாட்டிகள் மட்டுமே, தீர்ப்பை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் "டாக்டர், கால் வீங்குது" என்று மட்டும் சொல்வதைவிட இத்தனை விவரத்தோடு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆபத்தில்லாத வீக்கங்களும் உண்டு. நல்ல வெயில், மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது, மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் ஆகியவை சில. இன்னொன்றும் உண்டு. உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 3 கிராம் நீரைச் சேர்த்தே வைத்திருக்கும். உணவைக் கட்டுப்படுத்திய முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவதும், ஒரு விருந்துக்குப் பிறகு ஏறுவதும் பெரும்பாலும் இந்த நீரால்தான். அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம், அதை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம்.

மூன்றாம் படி: மாத்திரைப் பட்டியல்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. வீக்கம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் என்ன மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது?

அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை கணுக்கால் வீக்கத்துக்குப் பேர்போனது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் அதிகம் வரும். இந்த மாத்திரை நுண்குழாய்க்குள் அழுத்தத்தைக் கூட்டிக் கசிய வைக்கிறது, உடம்பில் மொத்த நீர் கூடியதால் வரும் வீக்கம் இல்லை. அதனால் நீர் மாத்திரை இதில் பெரிதாக உதவாது. அளவைக் குறைப்பது, வேறு மாத்திரைக்கு மாற்றுவது, வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது எனப் பலன் தரும் வழிகள் மருத்துவர் கையில் இருக்கின்றன. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கத் தூண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையையும் பட்டியலில் எழுதுங்கள். அதை மாத்திரையாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை. எதையும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது வீக்கத்தைவிடப் பெரிய ஆபத்து.

நான்காம் படி: எடை

கணுக்காலில் குழி விழும் அளவுக்கு வருவதற்குள் உடம்பில் 2 முதல் 3 லிட்டர் நீர் கூடியிருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை இயந்திரம் சொல்லிவிடும், ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ. தினமும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே இயந்திரத்தில் பாருங்கள். அது சொல்லும் எடை துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளுக்கு நாள் வரும் வித்தியாசம்தான் நமக்கு வேண்டும்.

இதய நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை: 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சுத் திணறல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கென்று வேறு எல்லை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வீக்கம் ஒரு காலில் மட்டும் என்றால், முழங்கால் சில்லுக்குக் கீழே 10 செ.மீ. தள்ளி இரண்டு கால்களின் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுதிவைப்பது பயன்படும்.

ஐந்தாம் படி: உப்பு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. உலகச் சராசரியோ 10.8 கிராம் என்று அதே நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

பொட்டலங்களில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, நாள் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. ஒரு பொட்டலத்துக்கா, 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தையும் படியுங்கள். ஏமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். ரொட்டி, பாலாடைக்கட்டி, சாஸ், சூப் பொடி, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் நாக்குக்குத் தெரியாமலே உப்பு நிறைய இருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளையும் மறக்காதீர்கள். அந்த வகைப் பாராசிட்டமால் சிலவற்றில் ஒரு மாத்திரைக்கே 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் உண்டு.

கல்லுப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கடலுப்பு எதுவானாலும் சோடியம் குளோரைடுதான், பெயரைப் பார்த்துக் கூடுதலாகப் போட வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை, ராமிப்ரில், லோசார்ட்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரைகள் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களும் அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

முதல் சில நாட்கள் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளிப்பும் காரமும் வாசனைப் பொருட்களும் அதுவரை கைகொடுக்கும்.

தண்ணீரைக் குறைக்கலாமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கலாம். இதயச் செயலிழப்பு முற்றியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், இரத்தத்தில் சோடியம் குறைந்துபோனவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு சொல்வார். அப்படிச் சொன்னால் காப்பி, மோர், சூப், பழச்சாறு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைப்பது தாகத்தோடு சண்டை போடுவது, ஜெயிக்கவே முடியாது.

ஆறாம் படி: கால்களுக்கு வேலை

கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் அந்த வேலையை நிறுத்திவிடுகின்றன. மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடங்கள். முடியாத இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டுங்கள்.

காலைத் தூக்கி வைப்பது என்றால் இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஒரு முக்காலியில் வைத்தால் போதாது. படுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கி, 15 முதல் 30 நிமிடம், நாளில் மூன்று நான்கு தடவை செய்யலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது.

சிரை வீக்கத்துக்கும் நிணநீர் வீக்கத்துக்கும் அழுத்தக் காலுறைதான் நல்ல மருந்து, ஆனால் மிகக் குறைவாகச் சரியாக அணியப்படுவதும் அதுதான். காலையில் கால் வீங்குவதற்கு முன், படுக்கையை விட்டு இறங்கும்போதே போட வேண்டும். அளவெடுத்து வாங்க வேண்டும். மேல்விளிம்பைச் சுருட்டி விடக் கூடாது, சுருட்டிய இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கிவிடும். இரவில் பொதுவாகக் கழற்றிவிடலாம். சில மாதங்களில் இழுவை போய்விடும், அப்போது புதிது வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளில் அடைப்பு இருப்பவருக்கு இந்தக் காலுறை காலையே பாழாக்கிவிடும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறவர்கள், விரல் எப்போதும் சில்லிட்டிருப்பவர்கள், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் முதலில் கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இதயச் செயலிழப்பு கட்டுக்குள் வராதவர்களும் கேட்காமல் போடக் கூடாது.

வீங்கிய தோல் எளிதில் வெடிக்கும், கிருமி புகும். தினமும் பூசுவதற்கு ஒரு சாதாரண ஈரப்பசைக் களிம்பு போதும். விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தோல் தொற்று, அன்றே காட்டுங்கள்.

நீர் மாத்திரை

ஃபுரோசெமைடு, டோர்செமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை சிறுநீரகத்தை உப்பை வெளியேற்ற வைக்கின்றன, நீர் அதன் பின்னால் போகிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் காரணமான வீக்கத்தில் இவை உயிர்காக்கும் மருந்துகள். வால்வு கெட்ட சிரைக்கும், அடைபட்ட நிணநீர்க் குழாய்க்கும் இவற்றால் ஆவது கொஞ்சம்தான்.

எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் கழிவறைக்கு நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவதும் அப்போதுதான். எழுந்தால் தலைசுற்றல், காலில் தசைப்பிடிப்பு, படபடப்பு இருந்தால் பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனை தேவை. வாந்தி பேதி ஆகும் நாளில் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்கவோ முக உப்பலுக்காகவோ நாமாகச் சாப்பிட ஆரம்பித்தால், நிறுத்தியதும் உடம்பு முன்னைவிட ஆவேசமாக உப்பைப் பிடித்துக்கொள்ளும், வீக்கம் திரும்பி வரும். 'நச்சு நீக்கும்' தேநீர் என்று விற்கும் பொடிகளும் சிறுநீரைக் கூட்டும் அளவில் இதே வேலையைத்தான் செய்கின்றன, உள்ளே என்ன இருக்கிறது என்ற தெளிவுதான் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு வாரத்து எடை, மாத்திரைப் பட்டியல், வீக்கம் எங்கே எப்போது என்ற குறிப்பு, மாலையில் எடுத்த கால் படம் (காலை நேரத்தில் மருத்துவரைப் பார்க்கும்போது வீக்கம் வடிந்திருக்கும்) இவற்றைக் கொண்டுபோங்கள். வழக்கமான தொடக்கச் சோதனைகள் எளியவைதான்: சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், அல்புமின், கல்லீரல் சோதனை, தைராய்டு. இதயம் என்று சந்தேகம் வந்தால் ஈசிஜி, எக்கோ, பிஎன்பி என்ற இரத்தச் சோதனை. ஒரு கால் வீக்கத்துக்குச் சிரையில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்.

திரும்பி வருவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என் வீக்கத்துக்குக் காரணம் என்ன, எத்தனை கிலோ கூடினால் நான் அழைக்க வேண்டும், அடுத்த இரத்தச் சோதனை எப்போது.